பிஸ்கட் பெட்டிக்குள் வைத்த குளிசைகள்

1

நான்கு கிழமையாக எங்கள் வீட்டில் பிஸ்கட் கிடையாது. கேட்டால் ஊரில் இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள். மொன்றியலில் லாசால் பக்கத்தில் உள்ள ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகப் பொதி கட்டுகிறவன் நான். வெள்ளிக்கிழமைகளில் உடைந்த பிஸ்கட்டை எங்களுக்குப் பை பையாக அள்ளிக் கொடுப்பார்கள். அதை நான் வீட்டுக்குக் கொண்டுவராமல் விட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்தான். ஆனால் இங்குள்ள பாதிரியாருக்குப் பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று முதலில் பாடம் எடுக்க வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை.

பெஹ்ரூஸ் என்னோடு ஒரே வரிசையில் நிற்கிறவன். ஈரான்காரன், ஷிராஸ் நகரம். அங்கே பாலம் கட்டும் பொறியியலாளராக இருந்தவன், இங்கே பெட்டிக்கு மூடி ஒட்டுகிறான். வந்து மூன்று வருடமாகியும் நிரந்தர வதிவிடப் பத்திரம் கைக்கு வரவில்லை. அது வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அவனுக்கு என்னைவிடப் பிரெஞ்சு கொஞ்சம் கூடுதல், எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் கூடுதல். இரண்டையும் போட்டுக் கலக்கி, மிச்சத்தைக் கையால் காட்டிக் கதைப்போம்.

அவனுடைய தங்கைக்கு ரோயா என்று ஏழு வயதில் ஒரு மகள். வலிப்பு நோய். போன கோடையில் தாயோடு இங்கே வந்து இரண்டு மாதம் நின்றாள். பிள்ளைகளுக்கான நரம்பு வைத்தியர் ஒருவர் பார்த்து ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது கிழமையோடு வலிப்பு நின்றுவிட்டது. வில்லரேயில் எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள பூங்காவில் அந்தப் பிள்ளை சைக்கிள் பழகியது. நான்தான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். என் முழங்கால் அடுத்த நாள் முழுக்க என்னைத் திட்டியது.

ஆறு மாதத்துக்கான மருந்தோடு ஊருக்குப் போனார்கள். அது முடியும் காலம் வந்தது. ஷிராஸில் அந்தக் குளிசை இல்லை.

2

ஈரான்மீது போட்ட பொருளாதாரத் தடை மருந்துக்கு இல்லை என்றுதான் சட்டத்தில் எழுதியிருக்கிறது. பெஹ்ரூஸ் அதை அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். மருந்து, உணவு, மனிதாபிமானப் பொருட்கள் நீங்கலாக என்று நல்ல பிரெஞ்சில் ஒரு வரி. ஆனால் அந்த ஊர் மருந்து வியாபாரி காசு கட்டத் தயாராக இருந்தாலும் அந்தக் காசை வாங்க வங்கி இல்லை. வங்கி வாங்கினாலும் கப்பலுக்குக் காப்புறுதி எழுத ஆளில்லை. எல்லாம் சரிவந்தாலும் மருந்துக் கம்பனிக்கு அந்த நாட்டின் பெயரைக் கேட்டவுடன் தலையிடி. ஒருவரும் தரமாட்டோம் என்று சொல்வதில்லை. ஒருவரும் தருவதுமில்லை.

பெஹ்ரூஸ் தங்கைக்குக் கொஞ்சம் காசு அனுப்பப் பார்த்தான். வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ஏன், எதற்கு, யார் என்று பதினாலு கேள்வி. பதில் எழுதிக் கொடுத்த பிறகு கணக்கையே மூடிவிட்டார்கள். பொதி அனுப்பும் கடைக்குப் போனான். அங்கிருந்த பெட்டை நாட்டின் பெயரைக் கணினியில் அடித்தாள், திரையைப் பார்த்தாள், மன்னிக்கவும் என்றாள். நல்ல மரியாதையான பெட்டை என்று பெஹ்ரூஸ் என்னிடம் சொன்னான். எனக்கு அந்த மரியாதையைக் கேட்கத்தான் கூடுதலாக எரிந்தது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தடை போட்ட இராணுவத்தார் துவக்கோடு நின்றார்கள், யாரைத் திட்டுவது என்றாவது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கிடையில் அங்கே பிள்ளைக்கு உள்ளூர்க் குளிசை ஒன்றை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே கிழமையில் இரண்டு தடவை விழுந்தாள். பழைய குளிசையில் எஞ்சியிருந்ததைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கினார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு மாதத்துக்குக் காணாது.

நல்ல காலமாக பெஹ்ரூஸின் தாயார் அப்போது இங்கேதான் நின்றார். எழுபது வயது மனுஷி, மகனைப் பார்க்க வந்து குளிருக்குள் மாட்டிக்கொண்டவர். அவர் மாசிக் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறார். ரோயாவின் பெயரில் வைத்தியர் எழுதிய துண்டு இன்னும் செல்லுபடியாகும். நோயை விளக்கி அவர் தந்த கடிதமும் பெஹ்ரூஸிடம் இருந்தது. மூன்று மாதத்துக்கான குளிசையைப் பெஹ்ரூஸ் மருந்துக்கடையில் எடுத்துவிட்டான். ரோயாவின் பெயர் ஒட்டிய மூன்று போத்தல். தாயார் போய் இறங்கும் நாளில் அங்கே பத்து நாள் மருந்து கையில் இருக்கும். கணக்கு அளவாக இருந்தது.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

3

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்தேன். கொண்டுவரக் கூடாத பொருட்களின் பட்டியல் எங்கள் எல்லோருக்கும் பாடம். பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி என்று தொடங்கினால் மூச்சு விடாமல் சொல்லலாம். மருந்து வரும், வராது. வந்தாலும் யாருக்கு எவ்வளவு என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். என் அம்மாவுக்கு நீரிழிவு. இன்சுலின் இல்லாமல் அவவால் இருக்க முடியாது. மின்சாரம் இல்லாத ஊரில் அதை ஈரமணல் போட்ட பானைக்குள் வைத்துப் பாதுகாத்தோம். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

ஆஸ்பத்திரியில் இன்சுலின் முடிந்துவிட்டது என்று சொன்ன நாளில் நான் கிளாலிக் கடல் தாண்டி வவுனியாவுக்குப் போனேன். திரும்பி வரும்போது, அங்கே தெரிந்த பேக்கரி ஒன்றில் முறுகச் சுட்ட றோஸ் பாணுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். பாணின் நுனிப் பக்கத்தைக் கத்தியால் வட்டமாகத் தோண்டி, குப்பியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, பச்சை மாவால் மூடி, சுடு தகட்டில் ஒரு நிமிடம் பிடித்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. சோதனைச் சாவடியில் பாணை வெட்டிப் பார்ப்பார்கள். எப்போதும் நடுவில்தான் வெட்டுவார்கள். நுனியைத் தொட மாட்டார்கள். என்ன கொண்டு போகிறாய் என்று கேட்டால், பாண் என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

ஆறு தடவை போனேன். ஆறு தடவையும் கொண்டுவந்தேன். வைத்தியர் எழுதிய துண்டோடு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பிப் போன பக்கத்து வீட்டு மாஸ்டரிடம் முழுவதையும் பறித்துவிட்டு அனுப்பினார்கள். கடுதாசியை நம்பினவன் வெறுங்கையோடு வந்தான், பாணை நம்பினவன் மருந்தோடு வந்தான். இருபது வயதில் படித்த பாடம் அது. கனடாக் குடியுரிமைச் சத்தியம் எடுத்தபோதும் அது என்னைவிட்டுப் போகவில்லை.

4

பெஹ்ரூஸிடம் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். லேபிள் ஒட்டிய மருந்து என்றால் தூரத்திலேயே தெரியும், ஈரான் போகிற கிழவியின் பையில் மூன்று போத்தல் வெளிநாட்டுக் குளிசை என்றால் விடுவார்களா என்று கேட்டேன். வங்கியும் பொதிக்கடையும் அவனுக்கு ஏற்கெனவே அடித்த அடியில் அவன் பாதி சம்மதித்துத்தான் இருந்தான். மிச்சப் பாதியை நான் சம்மதிக்க வைத்தேன்.

போத்தல்களை என் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தான். குசினி மேசையில் குளிசைகளைக் கொட்டிச் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் பிரித்துக்கொண்டிருந்தேன். மகள் மெலனி வேலை முடிந்து வந்தாள். இருபத்தொரு வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், சனி ஞாயிறுகளில் ஒரு மருந்துக்கடையில் காசாளராக நிற்கிறாள். எங்களோடு பேசுவதென்றால் பெரும்பாலும் பிரெஞ்சுதான். முக்கியமான விஷயம் என்றால் மட்டும் தமிழுக்கு வருவாள். அன்றைக்குத் தமிழில் கதைத்தாள்.

"அப்பா, போத்தலோட குடுங்கோ. பேர் ஒட்டியிருந்தாத்தான் அது மருந்து. இல்லாட்டி அது வெறும் குளிசை. என்ன குளிசையெண்டு ஆருக்குத் தெரியும்?"

"நீ தடை எண்டா என்னெண்டு தெரியாத நாட்டில பிறந்தனீ. சும்மா இரு" என்றேன்.

அவள் பிறகு பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு விளங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு அப்போது பொறுமையும் இல்லை.

அடுத்த நாள் இடைவேளையில் தொழிற்சாலையில் வேலையை முடித்தேன். இரண்டு பெட்டி வெண்ணெய் பிஸ்கட். உள்ளே இருக்கும் தட்டைத் தூக்கி, அடியில் குளிசைப் பைகளைப் பரப்பி, மேலே பிஸ்கட்டை அடுக்கி, மெல்லிய தாளைச் சுற்றி எங்கள் இயந்திரத்திலேயே சூடு காட்டி ஒட்டினேன். மேற்பார்வையாளர் கையில் கொடுத்திருந்தாலும் புதுப்பெட்டி என்றுதான் சொல்லியிருப்பார். வைத்தியரின் கடிதத்தையும் வெறும் போத்தல்களையும் கொண்டுபோக வேண்டாம், கண்டால் கேள்வி கேட்பார்கள் என்றேன். அவை என் குசினி மேசையின் இழுக்கும் லாச்சிக்குள் போயின. தாயார் சொல்ல வேண்டியதையும் பெஹ்ரூஸுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன், அவன் அதைப் பார்சியில் தாயாருக்குச் சொன்னான். என்ன இது என்று கேட்டால் பிஸ்கட் என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் கூடாது.

5

இடையில் விமானம் மாறும் ஊரில் தாயாரைப் பிடித்தார்கள். அங்கே நடுவில் வெட்டிப் பார்க்கும் கத்தி இல்லை. பெட்டியை ஒரு இயந்திரத்துக்குள் விட்டார்கள். பிஸ்கட்டுக்குக் கீழே இருந்த ஒவ்வொரு குளிசையும் திரையில் தெரிந்தது.

என்ன இது என்று கேட்டார்கள். அந்த மனுஷி பிஸ்கட் என்றார். திரும்பக் கேட்டார்கள், திரும்பவும் பிஸ்கட் என்றார். மூன்றாம் தடவையும் அதையே சொன்னார். நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னார். ஏழு மணி நேரம் ஒரு அறைக்குள் இருத்தி வைத்தார்கள். பேத்தியின் மருந்து என்று கடைசியில் அழுதபோது, பெயர் எங்கே, கடிதம் எங்கே, போத்தல் எங்கே என்று கேட்டார்கள். எல்லாம் மொன்றியலில் என் லாச்சிக்குள் இருந்தன. குளிசைகளை வைத்துக்கொண்டு அவரை அடுத்த விமானத்தில் அனுப்பினார்கள். போகும்போது ஓர் அதிகாரி, போத்தலோடு கொண்டுவந்திருந்தால் நாங்கள் பார்த்துவிட்டுத் தந்திருப்போம் அம்மா என்றாராம்.

பெஹ்ரூஸ் இதை எனக்கு வரிசையில் நின்றபடியே சொன்னான். அவன் கை பெட்டிக்கு மூடி ஒட்டிக்கொண்டே இருந்தது. என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினான். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று நினைத்தேன்.

பத்து நாள் மருந்து இருந்தது. ஒவ்வொரு குளிசையையும் பாதியாக்கிக் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

6

மருந்துக்கடைக்குப் போனோம், மூன்று மாத மருந்து போன கிழமைதானே எடுத்தீர்கள் என்றார் அந்த மருந்தாளர். நியாயமான கேள்வி. மெலனியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நடந்ததை நானே சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தால், ஒளித்து வைத்தேன் என்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று தெரியவில்லை. இருபத்தைந்து வருடத்தில் எனக்குத் தேவைப்படாத சொல். மெலனி எனக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். வரிசையில் நின்ற இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வைத்தியரிடமிருந்து புதுத் துண்டும் காரணமும் வேண்டும் என்றார் மருந்தாளர். வைத்தியரின் தொலைபேசியை எடுத்தால் பிரெஞ்சுக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து என்று ஒரு பொம்பிளைக் குரல். அழுத்தினால் பாட்டு. அரை மணி நேரப் பாட்டுக்குப் பிறகு, வைத்தியர் விடுமுறையில், அவசரம் என்றால் படிவத்தை நிரப்புங்கள். படிவத்தில் பிள்ளையின் கியூபெக் மருத்துவ அட்டை இலக்கம் கேட்டிருந்தது. அந்தப் பிள்ளையிடம் அது எப்படி இருக்கும்? வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வந்தது. பெஹ்ரூஸ் ஒவ்வொரு நாளும் இடைவேளையில் வெளியே பனிக்குள் நின்று தொலைபேசியில் பாட்டுக் கேட்டான். நான் கண்ணாடிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தியர் விடுமுறை முடிந்து வரும் நாளில் மெலனி வகுப்பை விட்டுவிட்டு நேரே அவருடைய இடத்துக்குப் போய், அவர் வரும்வரை மூன்று மணி நேரம் கதிரையில் இருந்து, துண்டை வாங்கி வந்தாள். அது பெஹ்ரூஸின் தாயார் ஊர் போய்ச் சேர்ந்து பதினைந்தாவது நாள்.

பதின்மூன்றாவது நாளே ரோயா விழுந்துவிட்டாள். நாற்பது நிமிடம் வலிப்பு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்தினார்கள். உயிர் தப்பிவிட்டது. வலது கை எழவில்லை.

பெஹ்ரூஸால் போக முடியாது. நான் போகிறேன் என்றேன். ரோயாவின் தகப்பன் இஸ்தான்புல் வரை வருவதாக ஏற்பாடு. இந்தத் தடவை மெலனிதான் பொதி கட்டினாள். தெளிவான பையில் மூன்று போத்தல், பெயர் வெளியே தெரியும்படி. வைத்தியரின் கடிதம் இரண்டு மொழியில். எல்லாம் கைப்பையின் மேலே.

"கேக்க முதல் நீங்களே எடுத்துக் காட்டுங்கோ அப்பா. ஒண்டும் செய்ய மாட்டினம்."

"ஓம்" என்றேன். வேறு ஒன்றும் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை.

7

இஸ்தான்புல்லில் சுங்க வரிசையில் நின்றபோது என் கை தானாகப் பையைப் பின்னால் மறைத்தது. கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஐம்பத்து மூன்று வயது மனிதன், சட்டப்படியான மருந்து, பக்கத்தில் ஒரு துவக்கும் இல்லை. ஆனாலும் மறைத்தது. அறிவிக்க ஏதும் உண்டு என்று எழுதிய பக்கத்துக்கு நானாகப் போனேன். பையை மேசையில் வைத்து, இது மருந்து, ஒரு பிள்ளைக்கு, இது கடிதம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அதிகாரி போத்தலைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். போங்கள் என்று கையைக் காட்டினார். பத்து விநாடிகூட இருக்காது. எனக்கு அந்த மேசையிலேயே இருந்து அழ வேண்டும் போலிருந்தது.

ரோயாவின் தகப்பன் வெளியே நின்றார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவர், ஒல்லியான மனிதர், சவரம் செய்யாத முகம். போத்தல்களைக் கையில் கொடுத்ததும் என்னைக் கட்டிப்பிடித்துத் தோளில் முத்தமிட்டார். தேநீர் வாங்கிக் கொடுத்தார். பிள்ளை இப்போது இடது கையால் சாப்பிடப் பழகுகிறாள் என்றார். வலது கை திரும்புமா என்று வைத்தியர்களுக்கே நிச்சயமில்லையாம். யாரோ ஒருவரின் பிள்ளைக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே, உங்களைப் போல் ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால் என்றார். அது என்ன பேச்சு என்று எனக்கு விளங்கவில்லை.

"என் மனைவி அன்றிலிருந்து தன் அண்ணனோடு பேசுவதில்லை" என்றார். "பெஹ்ரூஸ்தான் அந்தப் பெட்டிகளைக் கட்டியது. அவனே சொன்னான். படித்த மனிதன், ஏன் இப்படிச் செய்தான் என்று எனக்கும் புரியவில்லை."

தொழிற்சாலையில் ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவன். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு விமானம் ஏறியிருக்கலாம். அந்த எண்ணமும் வந்தது, பொய் சொல்லவில்லை.

"பெஹ்ரூஸ் கட்டவில்லை. நான் கட்டினேன். அவனைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். உங்கள் மனைவியைக் கூப்பிடுங்கள்."

அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். திரையில் அந்தப் பெண்ணின் முகம் வந்தது. கோடையில் எங்கள் பூங்காவின் மர வாங்கில் இருந்து சிரித்த முகம்தான், ஆனால் பாதியாகியிருந்தது. அவர் பார்சியில் சொல்லச் சொல்ல அவள் என்னையே பார்த்தாள். நான் பாணைப் பற்றிச் சொன்னேன், கிளாலியைப் பற்றிச் சொன்னேன், அம்மாவின் இன்சுலினைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். என் காதுக்கே அது தப்பிக்கச் சொல்லும் சாட்டுப் போலக் கேட்டது. கடைசியில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் தடையில் உங்கள் வீட்டில் யார் இறந்தது என்று கேட்கிறாள்."

"ஒருவரும் இல்லை" என்றேன். "ஆறு தடவையும் கொண்டுவந்து சேர்த்தேன். அம்மா பிறகும் பதினொரு வருடம் இருந்தா."

அதைக் கேட்டுவிட்டு அவள் ஒரு சொல் சொன்னாள். அவர் மொழிபெயர்க்கத் தயங்கினார். சொல்லுங்கள் என்றேன்.

"அதனால்தான் என்கிறாள்." ஆறு தடவை தப்பினவன்தான் ஏழாவது தடவையும் ஒளிப்பான்.

பிறகு அவள் கணவரிடம் வேகமாக ஏதோ சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிட்டாள். அண்ணனுக்கு இப்போதே அழைப்பு எடுக்கிறாளாம் என்றார் அவர். மொன்றியலில் அப்போது காலை ஐந்து மணி. முதல் ஷிப்டுக்குப் போகப் பெஹ்ரூஸ் எழும்பியிருப்பான்.